மூன்றாம் நாள் அழுகை

பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் எந்த நாளில் சரியும் என்பது மருத்துவத்துக்குத் தெரியும். சுகாதார ஊழியர் எந்த நாளில் வீட்டுக்கு வருவார் என்பதும் அரசு ஏட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கேட்கப்படாமல் போவது ஒரே ஒரு கேள்வி.

சேலம் மாவட்டத்தின் கொளத்தூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது பாலாறு. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடி வெடித்தபோதுதான் நாட்டின் மற்ற பகுதிகள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டன. அன்று இது மைசூர் மாவட்டம். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது இந்த மலைப்பகுதி அதோடு போயிற்று. மாவட்டமும் மாநிலமும் எப்படிப் பிரிந்தாலும், சாவடியின் இரு பக்கமும் தமிழும் கன்னடமும் கலந்தே புழங்குகின்றன.

ஒரு வியாதியின் பெயரில்கூட இந்தக் கலப்பு தெரிகிறது. பிள்ளை பெற்று சில நாட்களே ஆன பெண் தூக்கமில்லாமல் பிதற்றினால், யாரையோ பார்த்துப் பயப்படுவதுபோல் நடந்துகொண்டால், தமிழில் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பார்கள். கன்னடத்தில் ‘பாணந்தி சன்னி’. பாணந்தி என்றால் பிள்ளை பெற்றவள். இரு மொழிகளும் ‘சன்னிபாதம்’ என்ற பழைய வைத்தியச் சொல்லைத்தான் ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கின்றன. பிரசவப் புண்ணில் கிருமி தாக்கி வரும் காய்ச்சல் பிதற்றலும், காய்ச்சலே இல்லாமல் வரும் மனக்கோளாறும் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

கூச்சலும் பிதற்றலுமாக வருவதற்குப் பெயர் இருக்கிறது. சத்தமில்லாமல் வருவதற்கு? பிள்ளை அழும்போது தூக்க மனமில்லாமல், பசியும் தூக்கமும் போய், காரணம் சொல்லத் தெரியாமல் சுவரைப் பார்த்து அழுகிற பெண்ணுக்கு வீட்டுப் பேச்சில் கிடைப்பவை வேறு பெயர்கள். கண்ணு பட்டிருக்கிறது, காத்து கருப்பு அண்டியிருக்கிறது, உடம்பு வளையவில்லை, ‘ஊரில் யாரும் பிள்ளை பெறாததா?’

மருத்துவம் இதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்கிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, மொத்தம் 20,043 தாய்மார்களின் விவரங்களைக் கணக்கிட்ட ஒரு கட்டுரை 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. அதன்படி இந்தியத் தாய்மார்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இந்த மனச்சோர்வு இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல். பாலாறு போன்ற ஊரிலிருந்து மைசூருக்கோ பெங்களூருக்கோ போய் மனநல டாக்டரைப் பார்ப்பதென்றால் பல மணி நேரப் பேருந்துப் பயணம். கைப்பிள்ளையோடு அந்தப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டுமானால், தனக்கு வந்திருப்பது வியாதி என்பதாவது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நூறு மடங்கு ஏற்றம், சில நாளில் இறக்கம்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டும் கருப்பையோடும் மாதவிடாயோடும் மட்டும் சம்பந்தப்பட்டவை என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் இந்த ஹார்மோன்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் இருக்கின்றன. உணர்ச்சி, நினைவு, தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளிலேயே இருக்கின்றன. மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலையில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. புரோஜெஸ்டிரோன் உடலில் சிதைந்து அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறுகிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் ‘காபா’ அமைப்புக்கு இது துணை. தூக்க மாத்திரைகள் பலவும் வேலை செய்வது இதே அமைப்பின் வழியாகத்தான்.

கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடி ஒரு ஹார்மோன் தொழிற்சாலையாகவே இயங்குகிறது. ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ரடையோல் சாதாரண நாட்களின் அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. குழந்தை பிறந்து நச்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால் தொழிற்சாலை மூடப்பட்டதாக அர்த்தம். ஒன்பது மாதம் ஏறியது சில நாட்களில் இறங்கிவிடுகிறது. பெண்ணின் உடல் தன் வாழ்நாளில் இதைப் போன்ற சரிவை வேறெப்போதும் இயற்கையாகச் சந்திப்பதில்லை.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். தாய்மார்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த நாட்களில் காரணமில்லாமல் அழுகிறார்கள், எரிந்துவிழுகிறார்கள். இது வியாதியல்ல. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். தேவைப்படுவதெல்லாம் தூக்கமும் ஆறுதலும்தான். இரண்டு வாரம் கடந்தும் அழுகையும் சோர்வும் போகாவிட்டால்தான் மனச்சோர்வு என்று பார்க்க வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது மூன்றாவது வகை. ஊரார் ஜன்னி என்று சொல்லும் அந்தக் கடும் மனச்சிதைவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே திடீரெனத் தொடங்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உண்டாக்கக்கூடிய அவசர நிலை அது. காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒழுங்காகச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அதே சரிவு, வேறு வேறு விளைவு

இங்கே ஒரு சிக்கல். ஹார்மோன் எல்லாத் தாய்மாருக்கும்தான் சரிகிறது. ஆனால் மனச்சோர்வு எல்லாருக்கும் வருவதில்லை. மனச்சோர்வு வந்தவர்களின் ரத்தத்தில் ஹார்மோனை அளந்தாலும் மற்றவர்களிடமிருந்து தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அப்படியானால் ஹார்மோன் மீது பழிபோடுவது சரியா?

அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் நடந்து 2000-ல் வெளியான ஒரு சிறிய சோதனை இதற்கு விடை தந்தது. கர்ப்பமாக இல்லாத, மனநலத்தோடு இருந்த 16 பெண்களுக்கு எட்டு வாரம் வரை ஹார்மோன்களை அதிக அளவில் கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். பிரசவம் இல்லாமலேயே பிரசவத்தின் ஏற்ற இறக்கம். 16 பேரில் எட்டுப் பேர் முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்டவர்கள். அவர்களில் ஐந்து பேருக்கு மனநிலை குலைந்தது. அந்த வரலாறு இல்லாத மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. இத்தனைக்கும் இரு சாராருக்கும் கொடுத்த மருந்து ஒன்று, அளவும் ஒன்று.

மாதவிடாய்க்கு முன் வரும் மனக்கோளாறிலும் அதே குழுவினர் 1998-ல் இதையேதான் கண்டார்கள். சினைப்பையின் ஹார்மோன்களை மருந்தால் அடக்கியபோது பாதிக்கப்பட்ட 18 பெண்களில் பத்துப் பேருக்கு அறிகுறிகள் தணிந்தன. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகள் திரும்பி வந்தன. பாதிப்பில்லாத பெண்களுக்கு அதே மாற்றங்களால் எந்தத் தொல்லையும் இல்லை.

முடிவு இதுதான்: ஹார்மோன் கூடுதலா குறைவா என்பதைவிட, அது மாறும் வேகத்தை அந்த மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதே முக்கியம். சிலர் மூளை அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது, சிலருடையது தாங்குவதில்லை. இதில் மனவலிமைக்கோ தாய்ப்பாசத்துக்கோ சம்பந்தமில்லை.

இந்த அறிவு மருந்தாகவும் மாறியது. அலோபிரெக்னனோலோனையே மருந்தாக்கி, 60 மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றும் பிரெக்ஸனோலோனுக்கு 2019 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே வந்த முதல் மருந்து அது. விலை 34,000 டாலர். அதன் தயாரிப்பு பின்னர் நிறுத்தப்பட்டது. அதே வகையில் 14 நாள் மாத்திரையாக விழுங்கும் ஸுரனோலோனுக்கு 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. அப்போது அங்கே அதன் விலை 15,900 டாலர். மாதேஸ்வரன் மலையடிவாரத்தில் இந்தத் தொகைகளுக்குப் பொருளே கிடையாது. ஆனால் அந்த மருந்துகள் நிரூபித்த உண்மைக்குப் பொருள் உண்டு: அந்த அழுகைக்கு உடலில் ஒரு காரணம் இருக்கிறது.

இன்னொரு பாலாற்றங்கரையில்

ஆனால் உடல் பாதிக் கதைதான். மீதிக் கதையைச் சொல்வது இன்னொரு பாலாறு. மாதேஸ்வரன் மலைப்பகுதியில் ஓடி எல்லையில் காவிரியோடு கலக்கும் பாலாற்றுக்கும், நந்தி மலைப்பகுதியில் தோன்றி ஆந்திரம் வழியாக வேலூருக்கு வரும் பாலாற்றுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. அந்த வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில்தான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் தமிழக கிராமப் பெண்களின் பிரசவ மனச்சோர்வை அளந்தார்கள். நிறைமாதத்தில் 359 பெண்களைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவின்படி, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம்.

யாருக்கு அதிகம் வந்தது என்ற பட்டியலைப் படித்தால் எந்தத் தமிழ் வீட்டுக்கும் அடையாளம் தெரியும். வருமானம் குறைந்த குடும்பம். ஆண் பிள்ளை வேண்டுமென்று காத்திருந்த வீட்டில் பெண் பிள்ளை. மாமியாரோடு பிணக்கு, பெற்றோரோடு பிணக்கு. கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர சம்பவங்கள். கைக்கு உதவ ஆள் இல்லாமை.

அதே 2002-ல் கோவாவில் 270 தாய்மார்களிடம் நடந்த ஆய்வில், பிரசவமாகி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் 23 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். வறுமை, கணவனின் அடி உதை, பிறந்தது பெண் என்ற ஏமாற்றம் ஆகியவை அங்கும் முன்வரிசையில் நின்றன. ஆண் பிள்ளை பிறந்தால் மற்ற கஷ்டங்களின் தாக்கம் தணிந்தது, பெண் பிள்ளையானால் கூடியது.

ஆக, ஹார்மோன் சரிவு வாசலைத் திறந்துவிடுகிறது. உள்ளே வருவது என்ன என்பதை அந்த வீடும் தீர்மானிக்கிறது. பாலாற்றின் தமிழகக் கரையான சேலம் மாவட்டத்தில்தான் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் குழந்தையை வேண்டாமென்று நினைக்கும் வீட்டில் அதைப் பெற்றவளின் மனம் என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்தத் தொட்டிலும் கணக்கெடுக்கவில்லை.

நம் வழக்கங்களில் பாதுகாப்பும் இல்லாமலில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, பிரசவ மருந்து, ஓய்வு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கிழவிகள். இவையெல்லாம் நல்ல மருந்து. ஆனால் அதே வழக்கம் தீட்டு என்று ஒரு மூலையில் ஒதுக்கும்போதும், பத்தியம் என்று வயிற்றைக் காயவைக்கும்போதும் எதிராகத் திரும்பிவிடுகிறது. மாதங்கள் கழித்து, தொட்டிலோடு கணவன் வீட்டுக்கு அனுப்பப்படும் நாளில் இந்த உதவிகள் ஒன்றாக நின்றும் விடுகின்றன.

மாதந்தோறும் ஒரு வாரம்

வயதுக்கு வரும்வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் மனச்சோர்வில் பெரிய வித்தியாசம் கிடையாது. வயதுக்கு வந்தபின் பெண்களிடம் அது ஆண்களைப்போல் சுமார் இரண்டு மடங்காகிறது. இதில் ஹார்மோனின் பங்கு எவ்வளவு, சமூகத்தின் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்திச் சொல்ல முடியாது. ஆனால் மாதவிடாய் நாட்காட்டியோடு ஒட்டிவரும் ஒரு கோளாறை இன்று மருத்துவம் தனி வியாதியாக ஏற்றிருக்கிறது. அமெரிக்க மனநல சங்கத்தின் வியாதிப் பட்டியல் 2013-ல் அதற்குத் தனியிடம் கொடுத்தது.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கடும் எரிச்சல், நம்பிக்கையின்மை, திடீர் அழுகை. விலக்கு வந்த ஓரிரு நாளில் எல்லாம் விலகிவிடும். லேசான அளவில் இது பலருக்கும் உண்டு. வேலையும் உறவும் கெடும் அளவுக்கு வருவது நூறில் சிலருக்குத்தான். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். இரண்டு மாதம் தினமும் மனநிலையைக் காலண்டரில் குறித்துவந்தால் போதும். கோபம் மாதம் முழுக்க இருந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் அது வீட்டிலேயே இருக்கும். பெண்ணின் நியாயமான கோபத்தையெல்லாம் ‘அந்த நாள் கோளாறு’ என்று தள்ளிவிடுகிறவர்களுக்கும் அந்தக் காலண்டர் பதில் சொல்லும்.

இந்தக் கோளாறுக்கு இன்று பரவலாக வழங்கும் பெயரை வைத்தவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர்கள் ரேமண்ட் கிரீனும் கத்தரினா டால்டனும். ஆண்டு 1953. புரோஜெஸ்டிரோன் பற்றாக்குறைதான் காரணம் என்று நம்பிய டால்டன் வாழ்நாள் முழுவதும் அதையே மருந்தாகக் கொடுத்தார். பிற்கால ஆய்வுகளில் அதற்குப் பலன் தெரியவில்லை. பலன் தந்தவை ஃபுளுவோக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள். மற்ற மனச்சோர்வில் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் இவை, இந்தக் கோளாறில் சில நாட்களிலேயே வேலை செய்கின்றன. அதனால் டாக்டரின் யோசனைப்படி மாதத்தின் பின்பாதியில் மட்டும் எடுத்துக்கொண்டாலும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

நாற்பதைத் தாண்டும்போது

மூன்றாவது வாசல் மாதவிடாய் நிற்கும் காலம். நின்றபின் அல்ல, நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில்தான் ஹார்மோன் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குகிறது. மனச்சோர்வு கூடுவதும் அப்போதுதான். இந்தப் பருவத்திலுள்ள 172 அமெரிக்கப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு ஹார்மோன் பட்டை ஒட்டிப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. வெறும் பட்டை ஒட்டியவர்களில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வந்தன. ஹார்மோன் பெற்றவர்களில் 17 சதவீதம். எல்லாருக்கும் பட்டை ஒட்டலாம் என்று இதற்குப் பொருளல்ல. ரத்தக் கட்டி, மார்பகப் புற்று போன்ற ஆபத்துகளை எடைபோட்டு டாக்டர் முடிவு செய்ய வேண்டியது அது.

இந்தியாவில் பல பெண்களுக்கு இந்த வாசல் இயற்கையாகத் திறப்பதில்லை, கத்தியால் திறக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டை உலுக்கியது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே ஹார்மோன் ஒரே நாளில் வற்றிவிடும். அதன்பின் வரும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தன் ஆபரேஷன்தான் காரணம் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆண்களுக்கு விதிவிலக்கு உண்டா? 1889-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பிரவுன்-செக்கார்ட் தன் 72-ம் வயதில் விலங்குகளின் விதைச்சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பில்லை, திரும்பியது நம்பிக்கைதான். ஆனால் பிராஸ்டேட் புற்றுக்காக டெஸ்டோஸ்டிரோனை மருந்தால் அடக்கும்போது ஆண்களிடம் மனச்சோர்வு கூடுவது இன்று பதிவாகியிருக்கிறது. ஆணின் ஹார்மோன் பொதுவாக வயதோடு மெல்லத்தான் இறங்குகிறது. சரிவு இல்லாததால் சங்கடமும் குறைவு.

பத்தே கேள்விகள்

கர்ப்பிணியின் அட்டையில் எடை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, ரத்தச்சோகை அளவு இருக்கிறது. மனம் இல்லை. ஸ்காட்லாந்தில் 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோலில் இருப்பவை பத்தே கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே நொந்துகொள்கிறீர்களா, தூக்கம் வராத அளவுக்குத் துயரமா என்று கேட்பவை. ஐந்து நிமிட வேலை. கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. தமிழ் வடிவமும் சோதித்துப் பார்க்கப்பட்டு எப்போதோ வந்துவிட்டது.

அந்தக் கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல. பிரசவ காலத் தற்கொலையைத் தாய்மரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வழிகாட்டியது. தாய்மரணங்களை ஒவ்வொன்றாக ரகசியமாக ஆராயும் கேரளத்தில், தற்கொலை முக்கியக் காரணங்களில் ஒன்று என்பது வெளிப்பட்டது. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தக் கற்ற மாநிலத்தில் அடுத்த எதிரி மனமாக இருக்கிறது. ‘அம்ம மனசு’ என்ற பெயரில் தாய்மார்களின் மனநலத்துக்கென்று திட்டம் வகுத்ததும் அதே கேரளம்தான்.

யார் கேட்பது? டாக்டர்கள் போதாத நாட்டில் இதற்கு நம்பிக்கையூட்டும் பதில் பாகிஸ்தானிலிருந்து வந்தது. ராவல்பிண்டி அருகே கிராமங்களில், மனநலத்தில் பட்டம் எதுவும் இல்லாத சாதாரணப் பெண் சுகாதார ஊழியர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை, பேச்சும் ஊக்கமும் மட்டுமே. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் 23 சதவீதத் தாய்மார்களே மனச்சோர்வில் இருந்தார்கள். மற்ற வீடுகளில் 53 சதவீதம். 2008-ல் வெளியான முடிவு இது.

கடும் நிலையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009-ல் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப்பிரிவு தொடங்கியது. டாக்டர் பிரபா சந்திரா முன்னின்று வளர்த்த இந்தப் பிரிவு இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. தாய்க்கு மருந்து, கூடவே பிள்ளையைத் தூக்கவும் பாலூட்டவும் நம்பிக்கை. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில் பேசுகிறது: சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டுமே விலக்கு. ‘பைத்தியம்’ என்று சொல்லி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

சிகிச்சை பற்றி வீடுகளில் உலவும் பயங்களில் பெரியது தாய்ப்பால் பற்றியது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பெரும்பாலான தாய்மார்கள் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், பாலையும் நிறுத்த வேண்டாம். தைராய்டு கோளாறும் ரத்தச்சோகையும் மனச்சோர்வைப்போலவே தோற்றம் காட்டும் என்பதால் அந்தப் பரிசோதனைகள் அவசியம். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமில்லாத சுறுசுறுப்பும் வந்ததுண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை கேடு செய்துவிடலாம். ஒரு பிரசவத்தில் வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு அதிகம். தெரிந்திருந்தால் முன்கூட்டியே தயாராக இருக்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலிமானஸ்’ தொலைபேசி உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

பாலாற்றின் இரு கரையிலும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அரசின் ஆள் வரத்தான் செய்கிறார். கர்நாடகத்தில் ஆஷா ஊழியர். தமிழகத்தில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர். பச்சிளம் குழந்தை பராமரிப்புக்கான மத்திய அரசின் விதிப்படி, ஆஸ்பத்திரியில் பிரசவமான வீட்டுக்கு ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் போக வேண்டும். ஹார்மோன் சரிந்து அழுகை வருவது மூன்றாம் நாளை ஒட்டி. கடும் மனச்சிதைவு தலைகாட்டுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். அழுகையா வியாதியா என்று பிரிக்கும் கோடு 14-ம் நாள். ஆய்வாளர்கள் மனச்சோர்வை அளக்கப் போனது 42-ம் நாளையொட்டி. இரண்டு அட்டவணைகளும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியதுபோலப் பொருந்துகின்றன.

ஊழியர் வருகிறார். குழந்தையை நிறுக்கிறார், உடம்புச் சூடு பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார், ஏட்டில் குறித்துக்கொள்கிறார். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாங்கிக்கொள்கிறவளின் முகத்தை நிமிர்ந்து பார்த்து ‘நீ எப்படிம்மா இருக்கே?’ என்று கேட்க ஏட்டில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதற்கு 34,000 டாலர் ஆகாது.